குடிலில் விறகில்லை

“அங்க வேண்டாம் யார்மோ... கார்கிட்டயே போயிடலாம்...”

கணவனின் தோளில் கிடந்தபடி தைனா உளறினாள். கார் நிற்பது பத்து கிலோமீட்டருக்கு அப்பால். குடிலோ கண்ணெதிரே இருந்தது.

“பேசாம இரு. குளிர்ல உனக்குப் புத்தி கலங்கிடுச்சு” என்றான் யார்மோ. அவன் உடம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நேற்று அக்கா வீட்டுக்கென்று போய்விட்டுக் களைத்துத் திரும்பியவள், விடிந்ததும் அருவிக்குப் போகலாம் என்று இவனைக் கிளப்பினாள். விளிம்பில் நிற்கவைத்து, “இன்னும் கொஞ்சம் பின்னால போ, அருவி முழுசா தெரியணும்” என்று படம் எடுத்தபடியே கிட்டே வந்தவள், பனி படிந்த பாறையில் சறுக்கித் தானே உருண்டுவிட்டாள். இவன் பின்னாலேயே குதித்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்தான்.

அப்படியொன்றும் உயரமான அருவி இல்லை. ஆனால் அக்டோபர் கடைசியில் அந்தத் தண்ணீர் ஆளைக் கொல்ல உயரம் தேவையில்லை. உடனே நெருப்பு வேண்டும்.

அதனால்தான் வடதுருவத்தை ஒட்டிய இந்த லாப்லாந்துக் காட்டில் குடில்களுக்குப் பூட்டு கிடையாது. யாரும் தங்கலாம், கிளம்பும்போது மட்டும் பெட்டி நிறைய விறகும், அதன்மேல் தீப்பெட்டியும் வைத்துவிட்டுப் போகவேண்டும். அடுத்து வருகிறவனுக்கு விரல் மடங்காமல் இருக்கலாம் அல்லவா? முட்டக் குடித்தவன்கூட இதை மறக்கமாட்டான். மறந்தவனை இங்கே மனுஷனாகவே மதிப்பதில்லை.

யார்மோ கதவை உதைத்துத் திறந்தான்.

விறகுப் பெட்டி காலி. ஓடிப்போய்ப் பின்பக்கக் கொட்டகையைப் பார்த்தான். அங்கும் ஒரு சிராய்கூட இல்லை. ரம்பம் இல்லை, கோடாலி இல்லை, தீப்பெட்டியும் இல்லை. இவன் லைட்டரோ தண்ணீரில் ஊறிச் செத்துவிட்டது.

பெஞ்சின்மேல் யாருடைய முதுகுப்பையோ கிடந்தது. விறகைத் தீர்த்தவன் அவன்தான் என்று முடிவுகட்ட யார்மோவுக்கு அது போதும். அடுப்பு ஜில்லென்று கிடந்ததைப் பற்றியெல்லாம் யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

தைனாவின் ஈர உடைகளைக் கழற்றி, கட்டிலில் கிடந்த மெத்தையை அவள்மேல் போர்த்தினான். அவளுக்கு நடுக்கம் நின்றுபோயிருந்தது. அது நல்லதல்ல என்று இங்கே பிறந்த யாருக்கும் தெரியும்.

“தைனா, தூங்காதே. தைனா!”

வெளியே காலடிச் சத்தம். தாடிக்கார வேட்டைக்காரன் ஒருவன் தலையைக் குனிந்து உள்ளே வந்தான்.

“அட, ஆளுங்க இருக்கீங்களா? விறகு...”

அதற்குள் இரும்புக் கெட்டில் அவன் வாயில் இறங்கியது. இரண்டு பற்கள் தரையில் தெறித்தன.

“விறகெல்லாம் எங்கடா, நாயே?”

“அண்ணே, சொல்றதைக்...”

இரண்டாவது அடியில் மூக்கு உடைந்தது. சுருண்டு விழுந்தவனின் விலாவில் யார்மோ மாறி மாறி உதைத்தான். தடுக்க வந்த கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைந்து சாத்தினான். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. அப்போதும் வெறி அடங்கவில்லை. மார்பில் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான்.

“மொத்தத்தையும் எரிச்சுட்டு ஒரு குச்சிகூட வைக்கலியேடா! என் பொண்டாட்டி சாகுறாடா!”

வேட்டைக்காரனின் முகம் நீலமானது. நல்ல கையால் சுவரைத் தட்டித் தட்டி வெளியே காட்டினான். யார்மோ பிடியைத் தளர்த்தியது இரக்கத்தால் அல்ல, விரல்கள் விறைத்துவிட்டன.

“வெளிய...” ரத்தத்தைத் துப்பினான் அவன். “செவுத்து ஓரம்... காஞ்ச பைன். இப்பதான் வெட்டிட்டு வந்தேன். நான் வந்தப்பவே பொட்டி காலிண்ணே.”

யார்மோ எட்டிப் பார்த்தான். கயிற்றில் கட்டிய விறகு. பக்கத்திலேயே அவன் கோடாலி. வெட்டிய இடம் இன்னும் பிசின் வாசம் மாறாமல் இருந்தது.

வாசலிலேயே நின்றுவிட்ட யார்மோவை வேட்டைக்காரன் எழுந்து வந்து முழங்கையால் இடித்தான்.

“நின்னா எப்படி? கொண்டாங்க. என் சட்டைப் பையில தீப்பெட்டி இருக்கு. எனக்கு ஒரு கைதான் வேலை செய்யுது.”

எஸ்கோ என்று பெயர் சொன்னான். ஒரு கையாலேயே அடுப்பைப் பற்றவைத்தான். பையிலிருந்த உலர்ந்த கம்பளி உடைகளை அவளுக்குக் கொடுத்தான். இத்தனை அடி வாங்கியவன் செய்கிற வேலையா இது? யார்மோ அவன் காலடியில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதான்.

“விடுங்க. நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்” என்றான் எஸ்கோ. “ஆனா எவன் செஞ்சிருப்பான் இதை? நம்ம ஆளுங்க எவனும் செய்யமாட்டானே.”

“எவனா இருந்தாலும் சரி. கையில கிடைச்சான்னா கொல்லாம விடமாட்டேன்.”

அடுப்பு செக்கச்சிவந்தது. தைனாவின் உதட்டில் நீலம் மெல்லக் குறைந்தது. மறுபடியும் நடுங்கத் தொடங்கினாள். யார்மோ அவளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, “பொழைச்சுட்டா, பொழைச்சுட்டா” என்று உள்ளங்கைகளில் மாறி மாறி முத்தமிட்டான்.

அவள் கண் திறந்தாள். பார்வை இன்னும் தெளியவில்லை. தன்னை அணைத்திருந்தவனின் கன்னத்தைத் தடவி, காதலோடு சிரித்தாள்.

“விறகு, தீப்பெட்டி எல்லாத்தையும் அருவியில கொட்டிட்டேன் ரிஸ்டோ... நாளைக்கு அவன் தண்ணியில விழுந்தாப் போதும்.”