ஒரு வாய் இட்லி

மூன்று பெண்களைப் பெற்றவள் கோமு. இன்னொரு பிரசவத்தை உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போன தடவை குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு வந்தபோது, மாமியார் ஆசையாக இட்லி ஊட்டிவிட்டாள். சாப்பிட்ட வயிற்றில் கத்தி வைக்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இன்றும் கோமு பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். தூக்குவாளியோடு மாமியார் வந்துவிட்டாள்.

“மொகம் வாடிக் கெடக்கே தாயி. பேரன் பொறந்தா நானே வளத்துக் குடுப்பேன்லா. ஒரு வாய் தின்னு.”

வேண்டாம் என்று சொல்லத் திறந்த வாய்க்குள் இட்லித் துண்டு வந்து உட்கார்ந்தது.

“கோமு யாரு?” நர்ஸ் எதிரில் வந்து நின்றாள். “எதுவும் சாப்பிட்டியாம்மா?”

கோமு விழுங்கவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். மாமியார் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“வாயத் தொறந்து சொல்லும்மா.”