மூன்று ஆம்ப்ளிஃபையர்களும் ஒரு மனைவியும்

“மூணையும் நேரா முறுக்கி விட்டுடுவீங்கதானே, அண்ணே?” என்று அந்தப் பெண் கேட்டபோது, கார் எலெக்ட்ரீஷியனுக்கு அதில் எந்த வில்லங்கமும் தெரியவில்லை.

டிக்கியில் மூன்று ஆம்ப்ளிஃபையர்கள். மூன்றையும் தட்டி எழுப்ப, ஸ்டீரியோவிலிருந்து நூல் மாதிரி ஒரே ஒரு ஒயர். பதினாறு வருடமாக எல்லாவற்றையும் அதிலேயே முறுக்கி, டேப் சுற்றி அனுப்புகிறவன் அவன்.

“ஆமாம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்.”

“ரிலே கிலேன்னு எதுவும் போட மாட்டீங்களே?”

“அதெல்லாம் வெட்டி வேலை.”

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மூணும் சேர்ந்து இழுத்தா அந்தச் சின்ன ஒயர் தாங்குமா?”

“சூடாகும். ஸ்டீரியோ புகைஞ்சாலும் புகையும்.”

“புகைதானா?” என்றாள் ஏமாற்றத்துடன். “பேட்டரியிலேர்ந்து வர்ற தடி ஒயர்ல ஃப்யூஸ் இல்லாம, அது தகரத்துல உரசினா?”

“பத்திக்கும்.”

“எத்தனை நிமிஷத்துல?”

அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நின்றது.

“எங்க வீட்டுக்காரரு பாடுவாரு அண்ணே. பாடி, பதிவு பண்ணி, கார்ல போட்டு அவரே கேப்பாரு. பன்னெண்டு வருஷமா பக்கத்து சீட்ல நான். ரெண்டு ஆம்ப் பத்தலைன்னு இப்ப மூணாவது.” மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். “இனிமே அவரு தனியாத்தான் போவாரு.”

இந்தப் பூனையுமா பால் குடிக்கும்? பன்னிரண்டு வருடம் தலையாட்டிக் கேட்டவளின் மனசுக்குள் என்னென்ன சேர்ந்திருக்கும் என்று நினைத்தான். அவனும்தான் தினமும் சாப்பிடும்போது, அன்றைக்குப் பார்த்த வேலையை நட்டு நட்டாக மனைவிக்கு விவரிக்கிறான். அவளும் சிரித்துக்கொண்டே கேட்கிறாள். அந்தச் சிரிப்பை அவன் இதுவரை உற்றுப் பார்த்ததில்லை.

“கார் எரிஞ்சுபோனா போலீஸ் யாரைப் பிடிக்கும், அண்ணே?”

“ஒயர் மாட்டினவனைத்தான்.” சொன்ன பிறகுதான் அது யார் என்று உறைத்தது.

“நானும் அதான் நினைச்சேன். சரி, நீங்க பாருங்க. சாயங்காலம் அவரை அனுப்பறேன்.”

அவள் தலை மறைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினான். பேட்டரியை ஒட்டி ஃப்யூஸ் வைத்தான். ரிலே ஒன்றை மாட்டினான். இனி அந்த நூல் ஒயர் ரிலேயைத் தட்டிவிட்டால் போதும். மூன்றுக்கும் வேண்டியதை ரிலே பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். அதற்கும் தனி ஃப்யூஸ். ஒயர் தகரத்தைத் தொடும் இடமெல்லாம் ரப்பர் வளையம். ஸ்டீரியோவைப் போட்டான். ‘டிக்’. மூன்றும் விழித்தன. அணைத்தான், மூன்றும் தூங்கின. ஒயரைத் தொட்டுப் பார்த்தான். குளுகுளுவென்று இருந்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு சுத்தமாக அவன் வேலை பார்த்ததே இல்லை.

ஐந்து மணிக்கு முணுமுணுத்துப் பாடிக்கொண்டே கணவர் வந்தார். எலெக்ட்ரீஷியன் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டம்மா உங்களைக் காரோட கொளுத்தப் பாக்கறாங்க. ஃப்யூஸ் இல்லாம, ரிலே இல்லாம மாட்டச் சொன்னாங்க. நான் மனசு கேக்காம ரெண்டையும் போட்டுட்டேன்.”

கணவர் பதறவில்லை. பானெட்டுக்குள் குனிந்து, ஒவ்வொரு ஒயராகத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பிரமாதம். அவ காலேஜ்ல கரண்டு பாடம் எடுக்கறவ. ஃப்யூஸும் ரிலேயும் போடுங்கன்னு மூணு கடையில கெஞ்சிப் பாத்தா, ஒருத்தரும் காதுல வாங்கல.”

“அப்புறம் ஏன் சார் என்கிட்ட அப்படிக் கேட்டாங்க?”

“அவ என்னைக் கொல்லப் போற மாதிரி பேசினாத்தான் கேக்கறாங்க; போன மாசம் வாட்டர் ஹீட்டர்காரரும் இப்படித்தான் எர்த் ஒயரை அவ்வளவு அழகா மாட்டிக் குடுத்தாரு.”