வெளிச் சாமான்

“டாக்டரைப் பாக்க வர்றப்பவே மருந்தையும் கையோட வாங்கிட்டு வர்ற ஆளை இன்னிக்குத்தான் சார் பாக்குறேன்!” பக்கத்து டயர் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

வந்தவன் சிரிக்கவில்லை. டிக்கியிலிருந்து பெட்டிகளைத் தூக்கி வந்து ஒர்க் ஷாப் தரையில் வைத்தான். முன் சக்கரங்களுக்கான ஷாக் அப்சார்பர், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லோயர் ஆர்ம். எல்லாம் சீல் பிரிக்காத புதுச் சரக்கு.

சுவரில் மெக்கானிக் தன் கையால் எழுதி மாட்டிய போர்டு தொங்கியது: ‘வெளிச் சாமான் மாட்டப்பட மாட்டாது.’ எத்தனையோ பேரை வாய் திறக்காமல் அந்தப் போர்டைக் காட்டியே அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

வந்தவன் குனிந்து பெட்டியை நகர்த்தினான். மெக்கானிக் அவன் பிடரியைப் பார்த்தார். இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம்.

“மாட்டிடலாம்” என்றார்.

டயர் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அண்ணே, என் மச்சான் வந்து கெஞ்சினப்போ முகத்துல அடிச்ச மாதிரி முடியாதுன்னீங்களே!”

“உன் மச்சான் வேற, இவரு வேற.”

“அது சரி, பெரிய இடம் போல! சார், நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எங்க அண்ணன் பொறுப்பில்ல. தெரியும்ல?”

“தெரியும். நீங்களே சாட்சி” என்றான் வந்தவன்.

டயர் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு தன் கடைக்குப் போனார்.

வந்தவனுக்குத் தாடி வளர்ந்திருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. ஆனால் அந்தப் பிடரியை மெக்கானிக்கால் எப்படி மறக்க முடியும்? வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டின் பின் பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் விட்டு ஓரமாக நடந்து வந்த அவருடைய மகளை அடித்துத் தூக்கியது இவன் ஓட்டிய கார். அங்கேயே அவள் உயிர் போனது. பிரேக் பிடிக்கவில்லை என்று கடைசி வரை சாதித்தான். பழி, அந்தக் காரை சர்வீஸ் செய்த யாரோ ஒரு மெக்கானிக்கின் தலையில் விழுந்தது. இவன் வீட்டுக்குப் போனான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்ததில்லை.

அதனால் இவனுக்கு என்னை அடையாளம் தெரிய வழியில்லை என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினார்.

வெளிச் சாமான் கொண்டு வருகிறவர்கள் வண்டியை விட்டு அங்குலம் நகர மாட்டார்கள். சரக்கை மாற்றிவிடுவார்களோ என்று பயம். இவனோ நாற்காலியைச் சாலைப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மறுபடியும் அதே பிடரி.

“வண்டில யார் யாரெல்லாம் போறீங்க?” சக்கரத்தைக் கழற்றியபடி கேட்டார்.

“நான் மட்டுந்தான்.”

“வீட்ல?”

“அவ போய் ரொம்ப நாளாச்சு. பிள்ளைங்களும் இல்ல.”

“எந்தப் பக்கம் பயணம்?”

“குவாரி ரோடு. ஈ காக்கா இருக்காது.”

மெக்கானிக் பழைய ஆர்மைக் கழற்றி ஓரமாக வைத்தார். 

புது ஆர்மின் நுனியில் ஒரு நட்டு உண்டு. அதை இறுக்கி, கழன்று வராமலிருக்க ஒரு கம்பிப் பின்னைக் குறுக்கே செருக வேண்டும். மெக்கானிக் நட்டை விரலால் மட்டும் சுற்றிவிட்டார். பின்னைச் செருகவேயில்லை. குவாரி ரோட்டுப் பள்ளங்களில் இறங்கி ஏறினால் போதும், ஓடுகிற ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கிவிடும்.

‘அன்னிக்கு பிரேக் பிடிக்கலன்னு சொன்னியே. இன்னிக்கு உன்னை எதுவுமே பிடிக்காது.’

சக்கரத்தைத் திரும்ப மாட்டினார்.  

வண்டியை இறக்கினார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

வந்தவன் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டான். ஆனால் கிளம்பவில்லை.  கண்ணாடியை இறக்கி, முதல் தடவையாக மெக்கானிக்கின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான்.

“பிரேக் நல்லாத்தாண்ணே இருந்துச்சு. நான்தான் போனைப் பாத்துட்டிருந்தேன். உங்க பாப்பா ரோட்டோரமா வந்ததை நான் பாக்கவே இல்ல.”

 இந்த வார்த்தையைக் கேட்பதற்காகத்தான் மெக்கானிக் அத்தனை நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இப்போது கேட்டாகிவிட்டது. 

கார் மெல்ல நகர்ந்தது. அவர் கை தானாகப் போய்க் கதவைப் பிடித்தது.

“நிறுத்து.”  வண்டியோடு சேர்ந்து ஓடினார். “நிறுத்துய்யா! இறங்கு கீழ! நட்டை நான் முடுக்கல...”

வந்தவன் பிரேக்கை மிதித்தான். கார் நின்றது. கதவைப் பற்றியிருந்த அவருடைய விரல்களை, வலிக்காமல், ஒவ்வொன்றாக விலக்கினான்.

“பழி உங்க மேல வந்துடக்கூடாதுண்ணே. அதான் சாமானை நானே வாங்கிட்டு வந்தேன்.”