வீட்டு ஆள்

மோதிரம் ராவியாவின் விரலில் இறங்க மறுத்தது. வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரிலும் காடியிலும் ஊறிய கை. மூட்டெல்லாம் தடித்துப் போயிருந்தது. ஃபிக்ரி ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டு, திருகித் திருகி மெல்ல உள்ளே தள்ளினார்.

"வலிக்குதா?"

"இல்ல, ஹாஜியார்."

"இனிமே என்ன ஹாஜியார்? பேர் சொல்லிக் கூப்பிடு."

அவள் சிரித்து வைத்தாள்.

நிச்சயத்துக்குப் பாத்திஹா ஓத அவள் தரப்பில் ஆள் என்று யாருமில்லை. எதிர்க்கடை டீக்காரர்தான் பெரிய மனசு பண்ணி வந்து உட்கார்ந்தார்.

எகிப்தின் தமன்ஹூர் ஊரில், சந்தைத் தெருவில் ஃபிக்ரியுடையது ஊறுகாய்க் கடை. முன்னால் ஒரு ஆள் நிற்க இடம், பின்னால் பீப்பாய்கள் அடுக்கிய கொட்டடி. எலுமிச்சை, கேரட், பீட்ரூட் சாயம் ஏறிய டர்னிப் எல்லாம் அங்கே வேலை பார்க்கும் ராவியாவின் கைப்பக்குவம். பீப்பாய் உருட்ட, கொஞ்ச நாள் முன்பு வரை, ஷௌகி என்று ஒருவன் இருந்தான்.

அரசாங்கம் வரும் மாதத்திலிருந்து குறைந்தபட்சக் கூலியை உயர்த்தப் போகிறது என்று டீக்கடை டி.வி.யில் சொன்ன வாரமே ஃபிக்ரி ஷௌகியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டு, பீப்பாய்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ராவியா பார்த்தாள்.

"ஊறுகாய் விலையைக் கொஞ்சம் ஏத்திப் பாருங்களேன்" என்றாள்.

"ஏத்தினா? நம்மகிட்ட வாங்குற மொச்சை வண்டிக்காரன் ஊறுகாயே வேணாம்னுடுவான். அவன்கிட்ட திங்கிறவன் உப்பைத் தொட்டு நக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுவான்."

அடுத்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டாள் ராவியா. கல்யாணமே ஆகாதவள். மொட்டை மாடியில் ஒற்றை அறை. குவைத்தில் இருக்கும் தங்கை பெருநாளுக்குப் பெருநாள் பேசுவாள்; அதுவும் பிள்ளைகள் கூச்சலில் பாதி கேட்காது.

வெள்ளிக்கிழமை கடை அடைப்பு. அன்று முழுக்க அவள் குரல் அவளுக்கே கேட்காது. சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டுவிடுவாள். ஒருத்திக்கு எதற்குத் தட்டு?

வேலை போய்விட்டால் எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதான்.

இந்தக் கலக்கத்தில் அவள் எலுமிச்சை கீறிக்கொண்டிருந்தபோதுதான் ஃபிக்ரி வந்து எதிரே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எம் பொண்டாட்டி மௌத்தானதுலேர்ந்து நானும் தனியாத்தான் கெடக்குறேன். நீயும் தனி. எதுக்கு ரெண்டு வீட்டுல ரெண்டு அடுப்பு?"

எலுமிச்சைக்குள் கத்தி அப்படியே நின்றது.

"யோசிச்சு சொல்லட்டுமா?"

"யோசி. ரொம்ப இழுத்தடிக்காத. மாசம் பொறக்குறதுக்குள்ள நிக்காஹ்வை முடிச்சுக்கலாம்."

அந்த அவசரம் அவளுக்கு இனித்தது. இந்த வயசில், தனக்காக ஒரு மனுஷன் அவசரப்படுகிறான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் சந்தையில் நின்று, பூப்போட்ட தட்டுகளைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

மோதிரம் போட்டாயிற்று. நிக்காஹ் வியாழக்கிழமை என்று பேசிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். புதுக் கூலி வருகிறதல்லவா, தெருவில் கடை கடையாக விசாரிக்கிறார்கள். சின்னப் பெண்தான், காடி நெடிக்கு மூக்கைப் பொத்தாமல் கொட்டடி வரைக்கும் வந்து நின்றாள்.

"இங்க எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?"

"யாரும் இல்லம்மா" என்றார் ஃபிக்ரி.

முழங்கை வரைக்கும் கையைப் பீப்பாய்க்குள் விட்டுக்கொண்டு நின்ற ராவியாவை அதிகாரி பார்த்தாள். "அப்போ இவங்க?"

"என் வீட்டுக்காரி."

ராவியாவுக்கு முகம் சூடேறியது. அவளைக் காட்டி அந்த வார்த்தையை யாரும் சொன்னதே இல்லை. இன்னும் ரெண்டு நாள் இருக்கிறதே என்று உதட்டில் வந்த சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டாள்.

"வீட்டு ஆளுன்னா கூலிச் சட்டம் பொருந்தாது. சரி."

"தெரியும்மா." ஃபிக்ரிக்குப் பெருமூச்சு வந்தது. பயம் தெளிந்த மனுஷன் பேச்சு நிற்குமா? "ஷௌகின்னு ஒருத்தனை நிறுத்தினேன் பாருங்க, அப்பவே கணக்கர்கிட்ட கேட்டு வெச்சுக்கிட்டேன். வெளியாளா இருந்தா புதுச் சம்பளம் குடுத்தே ஆகணும், வீட்டு ஆளா ஆக்கிக்கிட்டா ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னாரு. இல்லேன்னா கடையையே மூட வேண்டியதுதான். அதுக்கப்புறம்தான் நான்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். ராவியா பக்கம் திரும்பினார்.

அந்தப் பார்வையில் வஞ்சகம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தலையை ஆட்டிவிட்டால் போதும். வியாழக்கிழமையிலிருந்து ஒரு வீடு. வீட்டுக்குள் இன்னொரு மனுஷக் குரல். ஆட்டாவிட்டால் மறுபடி மாடி அறை, சட்டிச் சோறு. கடைகூட நாளைக்கு இருக்குமோ இருக்காதோ.

பீப்பாய்க்குள்ளிருந்து கையை எடுத்து மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். உப்புத் தண்ணீர் தரையில் சொட்டியது.

அதிகாரி பேச்சுவாக்கில் கேட்டாள். "ஹாஜியார் சம்சாரம்தானேம்மா நீங்க?"

"இல்லம்மா. நான் இங்க வேலை பாக்குறவ."