நாலே கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, முத்தியால்பேட்டை டீக்கடை வாசலில் எங்கள் சைக்கிள் குழுவைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது.

தலைவர் சூசைநாதன் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்த சொல்தா அவர். டைல்ஸ் கடை கமலக்கண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நர்ஸ் மெரின் கொட்டாவி விட்டாள். இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் மூன்று பேர் சட்டையும் நனைந்திருந்தது.

"இன்னிக்கி நாலு கிலோமீட்டர் போதும் சார். முட்டி வலிக்குது," என்றார் சூசைநாதன்.

மற்ற இருவரும் உடனே தலையாட்டினார்கள்.

நான் இல்லாத நாலு மாசத்தில் குழு இப்படிக் குட்டிச்சுவராகிவிட்டதே என்று உச்சுக்கொட்டினேன். உள்ளுக்குள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

நான் சந்திரமோகன், ரிட்டையரான கணக்கு வாத்தியார். நாலு மாசத்துக்கு முன்னால் சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்கால் எலும்பு உடைந்தது. எதிரே லாரி வந்ததாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நெல்லித்தோப்பில் என் வீட்டு வாசலில், நின்றுகொண்டிருந்த சைக்கிளிலிருந்து விழுந்தேன்.

கட்டுப் பிரித்த டாக்டர், கொஞ்சம் கொஞ்சமாக ஓட்ட ஆரம்பிக்கலாம் என்றார். கால் தயார். நான்தான் தயாராக இல்லை. பெடலில் கால் வைத்தாலே உள்ளங்கை வேர்த்தது.

ஆனால் ரிட்டையரான பிறகு என்னை "எப்ப வர்றீங்க?" என்று கேட்கிற மனிதர்கள் இந்த மூன்று பேர்தான். எனக்குச் சைக்கிள் ஓட்டப் பயம் என்று தெரிந்தால் கேட்பதை நிறுத்திவிடுவார்களோ என்று கலங்கினேன்.

அதனால் ஒரு வேலை செய்தேன். யார் எங்கே எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்று செல்போனில் பதிவாகிற ஆப் ஒன்று எங்கள் குழுவில் உண்டு. அதை ஆன் செய்து, தினமும் காலையில் போனை என் மனைவி ஹேமலதாவின் ஸ்கூட்டியில் வைத்து அனுப்பினேன். அவள் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கி, அப்படியே அக்கா வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். நான் பேப்பர் படிப்பேன். குழுவில் என் பெயருக்கு நேரே பன்னிரண்டு கிலோமீட்டர் ஏறும். மூன்று பேரும் கைதட்டுகிற பொம்மை போடுவார்கள்.

கணக்கு வாத்தியார் செய்கிற காரியமா இது என்று ஹேமலதா தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்றைக்கு நிஜமாகவே ஏறியாக வேண்டும். ஏறுவதைத் தள்ளிப்போடக் குனிந்து செயினைச் சரிபார்த்தேன். ரொம்ப நேரம் சரிபார்த்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. சூசைநாதனும் தன் செயினைச் சரிபார்த்தார்.

ஏறிவிட்டேன். பஸ் வருகிற பக்கம் சூசைநாதன் என்னை ஒட்டியே வந்தார். கமலக்கண்ணன் முன்னால் ஊர்ந்தார். மெரின் பின்னால் வந்தாள். முட்டி வலி என்று வழியில் இரண்டு இடத்தில் நின்றோம். கடற்கரைச் சாலைக்கு வந்து கடலைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

திரும்பி டீக்கடைக்கு வந்தபோது பயம் போயிருந்தது. பயம் இருந்த இடத்தில் எனக்குள் இருக்கிற வாத்தியார் வந்து உட்கார்ந்துவிட்டார். நாலு கிலோமீட்டருக்கே இப்படி மூச்சு வாங்குகிறீர்களே, தினமும் ஓட்ட வேண்டாமா, என்னைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளக் கூடாதா என்று மூவரையும் கால் மணி நேரம் வறுத்தெடுத்தேன்.

"சரி சார்," என்று தலையைக் குனிந்துகொண்டு முகம் கழுவப் போனார்கள்.

நான் கட்டுப்போட்டுக் கிடந்த சமயத்தில் திறந்த கடை அது. நடத்துகிற அன்னக்கிளிக்கு என்னைத் தெரியாது. நாங்கள் கிளம்பியபோது உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்தவள், இப்போதுதான் வெளியே வந்து டீயை நீட்டினாள்.

"நீங்கதான் இவங்க கோச்சா சார்?"

நான் மறுக்கவில்லை. லேசாகச் சிரித்துவைத்தேன்.

"அவங்களப் போயி திட்டுறீங்களே. விடிகாலம் நாலு மணிக்கே இங்க டீ குடிச்சிட்டு, மரக்காணம் வரைக்கும் அறுபது கிலோமீட்டருக்கு மேல மிதிச்சிட்டு, ஏழு மணிக்கு மேலதான் வந்து ஒக்காந்தாங்க."

டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். பிறகு எதற்கு மறுபடியும் நாலு கிலோமீட்டர் என்று கேட்டேன்.

"இவங்க கூட்டாளி ஒரு வாத்தியாரு வராராம் சார். கால் ஒடஞ்சதுலேந்து சைக்கிள்னாலே பயமாம். பொண்டாட்டி வண்டில செல்போனக் குடுத்தனுப்பிட்டு, தானே ஓட்டுனதா சொல்லிக்கிறாராம். தெனம் அரை மணி நேரம் மீன் மார்க்கெட்டுக்குள்ளயே நிக்கிறது மேப்புல தெரியுதாம். கேட்டா மனசு ஒடஞ்சிப் போயிடுவாருன்னு ஒருத்தரும் கேக்கல. தங்களுக்குத்தான் முட்டி வலி, இடுப்பு வலின்னு சொல்லி, அவர மெதுவா கூட்டிட்டுப் போவணும்னு காலையிலயே பேசிக்கிட்டாங்க."

அன்னக்கிளி என்னைத் தாண்டி ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா வரல அந்த வாத்தியாரு?"