ஒன்றரை அடிப் பலகை

இழையை இழுத்துக்கொண்டு தறியின் நாடா வலது கரைக்குப் போனது. திரும்பி வரவில்லை.

கையை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை.

எழுந்து தறியைச் சுற்றிப் போனாள். சேலை உடலின் அரக்கு இழையையும் கரையின் பச்சை இழையையும் கோத்து, நாடாவை இந்தப் பக்கம் தள்ளினாள். மறுபடி சுற்றி வந்து உட்கார்ந்தாள். மிதியை அழுத்தினாள்.

அடுத்த இழைக்கும் அதே நடை.

நான்கு இழை நெய்வதற்குள் மூச்சு வாங்கியது.

அருங்காட்சியகத்துக்கு இன்று விடுமுறை. கூடத்தில் அவளும் தறியும் மட்டும். ஆரணிப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து எழுபத்திரண்டு துண்டுகளாக வந்த பழைய தறி. ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, பூட்டி, பாவு நூல் ஏற்ற ஏழு மாதம் ஆனது. இந்த ஏழு மாதத்தில் அவள் அதிகம் பேசியது இந்த மரத்தோடுதான். வீட்டில் பேச ஆள் இல்லாமல் போய் ஆறு வருடம் ஆகிறது.

நாளை திறப்பு விழா. வருகிறவர்கள் முன் கொஞ்சம் நெய்து காட்ட வேண்டும். அதற்காகத்தான் இன்று முதல் முறையாகத் தறியில் உட்கார்ந்தாள்.

பலகையில் ஒரு பள்ளம் இருந்தது. பார்த்தால் தெரியாது, உட்கார்ந்தால் தெரியும். ஒருவர் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து தேய்த்த பள்ளம். அவளுக்கு அது பெரிதாக இருந்தது.

அச்சாகி வந்த அட்டை தறியின் காலில் சாய்ந்திருந்தது.

'நெசவாளர்: தணிகாசலம். ஒருவரே இயக்கிய தறி.'

அவள் எழுதிய வரிதான். தறியைக் கொடுத்த அவருடைய மகன் சொன்னதை வைத்து எழுதியது.

"அப்பா மட்டுந்தாங்க நெய்வாரு. அம்மா சும்மா பக்கத்துல உக்காந்துனு இருக்கும்."

முதல் வாக்கியத்தைக் குறித்துக்கொண்டாள். இரண்டாவது ஆராய்ச்சிக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். பெரிய ஆராய்ச்சிக்காரி.

நாடா வலது பக்கம் கிடந்தது.

ஒரு கை கொடுக்கச் சொல்லிக் காவலாளியைக் கூப்பிட வாசலுக்குப் போனாள்.

இரண்டு செங்கல் மேல் ஒரு பலகைத் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தவர், அவளைக் கண்டதும் எழுந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். ஆசாரி வெட்டிப் போட்டதுதான். உக்கார நல்லா பள்ளமா இருக்குது. எனக்குத்தான் கொஞ்சம் சின்னது."

ரம்பம் போன விளிம்பு இன்னும் வெளுப்பாக இருந்தது.

தறியின் உட்காரும் பலகை, அது நிற்கும் மேடையைத் தாண்டி வலது பக்கம் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. பார்வையாளர்களின் காலில் இடிக்கும் என்று வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்தாள்.

அளவாக இருந்தது.

வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போல இருந்தது. காவலாளி வேறு பக்கம் பார்த்தார்.

கூப்பிட வந்ததை மறந்து, பலகையையும் செங்கற்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மேடையோரம் செங்கல்லை அடுக்கி, துண்டைப் பழைய இடத்தில் பொருத்தினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளம். நடுவில் ரம்பக் கோடு.

தணிகாசலத்தின் மகனுக்குப் போன் செய்தாள். அம்மாவின் பெயரைக் கேட்டாள்.

"அம்மா பேரா? அது எதுக்குங்க?"

பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"பச்சையம்மா" என்றார்.

அட்டையை மடியில் வைத்து, 'ஒருவரே இயக்கிய தறி' என்பதைப் பேனாவால் அடித்தாள். தணிகாசலத்துக்குப் பக்கத்தில் பச்சையம்மாள் என்று எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. நாளை கேட்பார்கள். கேட்கட்டும்.

பிறகு சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்தாள். அரக்கையும் பச்சையையும் கோத்தாள். நாடாவை இடது பக்கம் தள்ளினாள்.

அது போனது. பெரிய பள்ளத்துக்கு நேராக நின்றது.

எழுந்து போய் எடுக்க மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.