இரண்டு போர்வை தாங்கும் ரோட்டேட்டர்

"ஒரே வருஷத்துல மூணு ரோட்டேட்டர்! சார், நீங்க ஆன்டெனா சுத்த வாங்குறீங்களா, செக்காட்ட வாங்குறீங்களா?"

கடைக்காரர் மூச்சு வாங்க மொட்டை மாடிக்கு ஏறி வந்திருந்தார். அவர் கவலை அவருக்கு. ஊரில் பொழுதுபோக்காக ரேடியோ வைத்து வெளியூர்க்காரர்களோடு பேசுகிறவர்கள் மொத்தமே முப்பது பேர். "அந்தக் கடைச் சரக்கு மூணு மாசம் தாங்காது" என்று ஒருவர் சொன்னால் போதும், கடைக்குப் பூட்டுதான்.

ரேடியோக்காரர் பரிதாபமாக நின்றார். கம்பத்தின் அடியில் மாட்டியிருந்த மூன்றாவது ரோட்டேட்டர் லேசாக முனகிக்கொண்டிருந்தது. யாரோடு பேச வேண்டுமோ அந்தத் திசைக்கு ஆன்டெனாவைத் திருப்புகிற மோட்டார் அது. முதல் இரண்டும் பல்சக்கரம் நொறுங்கிச் செத்தவை.

கடைக்காரர் பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டார்.

"உங்க ஆன்டெனாவுல காத்து மோதற பரப்பு ஆறு சதுர அடி. இந்த ரோட்டேட்டர் ஒன்பது தாங்கும். அப்புறம் எங்க இடிக்குது?"

நிமிர்ந்தவர் முகத்தில் ஈரமாக ஏதோ படாரென்று அறைந்தது. போர்வை.

கம்பத்தில் தோளுயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. மறுமுனை மாடிச் சுவரில். நடுவில் இரண்டு பெரிய போர்வைகள், சொட்டச் சொட்ட.

"அடப்பாவி! மடிச்சுப் போட்டாலும் ஒண்ணு முப்பது சதுர அடி. ரெண்டும் அறுபது. இது ஆன்டெனாவா, பாய்மரமா?"

"கீழ்வீட்டம்மாவோடது" என்றார் ரேடியோக்காரர்.

"அதோ, எதிர்ச் சுவர்ல கொக்கி சும்மாதானே கிடக்கு? அதுல கட்டச் சொல்லுங்க."

"அது சரிப்படாது. போர்வையையும் சேர்த்துத் தாங்கற மாதிரி ஒண்ணு குடுங்களேன்."

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். போர்வைக்கு ரோட்டேட்டர் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

மணி பதினொன்று. ரேடியோக்காரர் அவசரமாக மாடி அறைக்குள் போய்க் குமிழைத் திருகினார். ஆன்டெனா மேற்கே திரும்பியது. கம்பம் சுற்ற, கயிறு சுற்ற, குளிர்ஜுரம் வந்ததுபோல் கம்பம் இரண்டு போர்வையையும் இழுத்துச் சுற்றிக்கொண்டது. ரோட்டேட்டர் பல்லைக் கடித்தது.

அடுத்த நிமிடம் படியில் செருப்புச் சத்தம்.

"திரும்பவும் சுத்திட்டீங்களா? உங்க தலையில கொள்ளியை வைக்க!" கீழ்வீட்டம்மா வந்துவிட்டார்.

ரேடியோக்காரர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி அறை வாசலில் வந்து நின்றார்.

"காத்துல சுத்தியிருக்கும்மா" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்.

"காத்தா? காத்துக்கு என் போர்வையைத் தவிர வேற வேலை இல்லையா? முழங்கால் வலி இப்பத்தான் மாத்திரைக்கு அடங்கியிருக்கு, அதுக்குள்ள மாடி ஏற வெச்சுட்டீங்க! சமையலறைக்கு வெள்ளையடிச்சு ரெண்டு நாள்தான் ஆகுது, அதைக்கூட நிம்மதியா உட்கார்ந்து பார்க்க விடுறீங்களா?"

பத்து நிமிடம் மழையாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, போர்வைகளை உரித்தெடுத்துக்கொண்டு இறங்கினார்.

கடைக்காரருக்குத் தாங்கவில்லை. "ஏன் சார், திருப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா என்ன? முழங்கால் வலிக்காரங்களை இப்படிப் படியேற வெச்சு வேடிக்கை பார்க்கறீங்களே, மனசாட்சி வேணாம்?"

ரேடியோக்காரர் பின்னால் இருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். கையில் மைக். பேச்சை அனுப்புகிற பொத்தானை அதுவரை அமுக்கியபடியே இருந்தவர் இப்போதுதான் விட்டார்.

அறைக்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. "மாமா, நல்லா கேட்டுச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைஞ்சிடுச்சா? இன்னிக்குக் குரல் கணீர்னு இருந்துது. கப்பல் இன்னும் ஒன்பது நாள் கடல்லதான். நாளைக்கும் பதினோரு மணிக்கு வரேன் மாமா. ஓவர்."

கடைக்காரர் ஒலிபெருக்கியையும் மாடிப்படியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கீழ்வீட்டம்மாவோட பிள்ளை. கப்பல் வேலைக்குப் போனா உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு அவங்க சபதம். ரெண்டு வருஷமாச்சு. போனையும் எடுக்கறதில்லை" என்றார் ரேடியோக்காரர். "கயித்தை மாத்திக் கட்டிட்டா அவங்க எதுக்கு மேல வருவாங்க? பாவம், அந்தம்மாவுக்கு இது எதுவும் தெரியாது."

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் உள்ளங்கையைப் பார்த்தார். பெரிய ரோட்டேட்டர் போட்டால் மோட்டார் தாங்கும், கம்பம் தாங்காது. பலமாக ஒரு காற்று அடித்தால் எல்லாமே தெருவில் கிடக்கும். அப்புறம் ஏது பதினோரு மணி? பாரத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

இறங்கும்போது கீழ்வீட்டு வாசலில் நின்றார். அந்தம்மா போர்வைகளை வாளியில் திணித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாளையிலேர்ந்து போர்வை வேணாம்மா. கம்பம் சாஞ்சிடும், அப்புறம் அவரால யார்கூடவும் பேச முடியாது. வேணும்னா அந்தக் கயித்துல ரெண்டு கைக்குட்டை காயப் போடுங்க, போதும்."

அந்தம்மா மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். ரேடியோக்காரர் அங்கே இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு கைக்குட்டைக்காக ஒரு மனுஷனைப் பத்து நிமிஷம் திட்ட முடியுமா தம்பி? கப்பல்ல கேட்டுட்டிருக்கற பிள்ளை நம்ப வேணாமா?"